ஊறிய விரல்

மஸ்கட், குரும் கடற்கரை.
ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு,
நாற்பத்தாறு வயதில்,
முதன்முறையாக மூக்கை நீருக்குள் வைத்தேன்.

"எண்ணாதே" என்றாள் மாரிசெல்.
எப்படித் தெரிந்தது அவளுக்கு?
கால்கள் ஆதி தாளத்தில் உதைத்திருக்க வேண்டும்.
எட்டில் மூச்சு விடலாமென்றிருந்தேன்,
அலை ஐந்தரையில் வந்து வாயை நிறைத்தது.

பத்தொன்பது வருடமாக ஒரே ஹோட்டல் லாபி.
உட்கார்ந்து கற்ற வயலினை
நின்று வாசிக்கப் பழகியது இங்கே வந்துதான்.
தாடைக்கடியில் புளியங்கொட்டை நிறத்தில் ஒரு தழும்பு.
"காயமா?" தொட்டுப் பார்த்தாள் மாரிசெல்.
சம்பளம் என்றேன்.

பேரீச்சம்பழத் தட்டுக்கும் லிஃப்டுக்கும் நடுவே
மாலை ஆறிலிருந்து பத்து வரை.
யாரும் கேட்காதபோது கல்யாணி,
யாராவது நிமிர்ந்து பார்த்தால் சினிமாப் பாட்டு.

உனக்கு வேறு என்ன தெரியும் என்று
விசா படிவம் ஒருமுறையும் கேட்டதில்லை.
நான்தான் கேட்டுக்கொண்டேன், போன நோன்பு மாதத்தில்,
லாபியில் வாசிப்பை நிறுத்திவைத்த இரவுகளில்.
சமைத்தேன். தூங்கினேன். நான்காம் நாள்
கையை என்ன செய்வதென்று தெரியாமல்
மடித்த துணிமேல் ஸ்வரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
வீட்டிலிருந்து எட்டு நிமிட நடையில் கடல்.
அதுவரை பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை:
விரல்நுனிக் காய்ப்பை உப்புத்தண்ணீர் இளக்கிவிடும்.
முப்பத்தெட்டு வருடம் ஏறிய தோல்
ஒரு மணி நேரத்தில் ஊறிய அப்பளம்.
அன்று மாலை கம்பி சதைக்குள் இறங்க,
காந்தாரம் வழுக்கி எங்கோ போனது.
கீபோர்டிலிருந்து டென்சில் புருவத்தை உயர்த்தினான்.
"நீச்சலா, வயலினா, முடிவு பண்ணு."

முடிவு பண்ணவில்லை.
வெள்ளி மாலைகளை விட்டுக்கொடுத்தேன்,
சம்பளத்தில் பிடித்தம்.
தோல் இறுக ஒரு ராத்திரியாவது வேண்டும்.

இன்று பதினோராவது வெள்ளி.
மல்லாந்து கிடக்கிறேன், காதுகள் நீருக்குள்.
எங்கோ ஒரு மீன்படகின் மோட்டார்
ஸ்ருதி போடுகிறது.
கால் கட்டை குறைவு என்று
என்னையறியாமல் திருத்துகிறேன்.
படகு திருந்தவில்லை.
அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மாரிசெல் கையை எப்போதோ எடுத்துவிட்டாளாம்.
எந்த எண்ணிக்கையில் என்று
எனக்குத் தெரியவில்லை.

நாளை மாலை ஆறு மணிக்குள்
விரல் இறுகிவிடும்.
இறுகாவிட்டால்
ஆரபியைத் தள்ளிவைத்துவிட்டு
மெதுவாக ஏதாவது வாசிக்கலாம்.