வெள்ளைக் கோடு

சிகூட்டிமியில் நவம்பர் பிறந்தால்
ஏப்ரல் வரை வாசலெல்லாம் உப்பு.
தெருவில் பனி இறுகாமலிருக்க
இரவெல்லாம் லாரியில் உப்புத் தூவுகிறவர்
என் வீட்டுக்காரர் ஃபெர்னான்.
பாதி ஊரின் பூட்ஸைக் கெடுத்தவர் அவர்தான் என்று
நானே சொல்லிச் சிரிப்பேன்.

விடிகாலை அவர் தூங்கப் போனதும்
நாடாவை உருவி, நாக்கை மடித்து,
செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணிப்பேன்.
விளையாட்டுப் பக்கம்தான் ஈரம் நன்றாக உறிஞ்சும்,
ஏனென்று தெரியாது.
ஹீட்டர் பக்கம் வைக்கக் கூடாது.
ஒருமுறை வைத்தேன்,
இடது சுண்டுவிரலுக்கு மேல் அந்த வெடிப்பு இன்னும் இருக்கிறது.

பாதத்தின் விளிம்பில் ஊரார் எல்லாருக்கும் வருகிற கறை.
அதற்கு மேலே, கணுக்கால் தாண்டி,
உப்புக் குவியலில் இறங்கி நிற்கிறவருக்கு மட்டும்
தடித்த வெள்ளைக் கோடு ஒன்று.
ஒரு பங்கு வினிகர், இரண்டு பங்கு தண்ணீர்,
ஜோடி தொலைந்த காலுறை.
உப்பைத் தின்ற தோல்
வினிகர் குடித்துத்தானே ஆகவேண்டும்.

ஜனவரி இரண்டாம் வாரம்
மேல் கோடு இல்லை.
பனி கொட்டோ கொட்டென்று கொட்டிய வாரம் அது.
நான் கேட்கவில்லை.
இல்லாத கோட்டை வினிகர் தொட்டுத் துடைத்தேன்,
ஒன்பது நாள்.
துடைக்காமல் விட்டால்
கேட்டதாகிவிடும்.

பத்தாம் நாள் வெள்ளை வந்தது.
கோடாக இல்லை.
தையல் இடுக்கில், நாடாத் துளைகளைச் சுற்றிப் பொடியாக.
வினிகர் பட்டதும் கரையாமல்
பசைபோலக் குழைந்தது.
மாடியில் குறட்டை கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கரிக்கவில்லை.
மாவு.

ஐம்பத்தாறு வயது.
முட்டை உடைக்கத் தெரியாத மனுஷன்
எந்த ரொட்டிக்கடையின் பின்கட்டில்
எந்தப் பையன்களுக்கு நடுவே மூட்டை தூக்குகிறாரோ.
லாரிச் சாவியை
யார் மேசையில் வைத்துவிட்டு வந்தாரோ.

மாவுக்குத் தண்ணீர் ஆகாது.
உலரவிட்டு, பழைய பல்துலக்கியால் தட்டித் தட்டி எடுத்தேன்.
இடுக்குக்கு ஊசி.
பிறகு தேன்மெழுகு, உள்ளங்கைச் சூட்டில் இளக்கி.
அந்த வெடிப்பில் மட்டும் இரண்டு தரம்.

மாலையில் எழுந்து வந்தவர்
வாசல் தட்டைப் பார்த்தார்.
வினிகர் பாட்டில் இருக்கும் இடத்தில்
பல்துலக்கி.
"வினிகர் தீர்ந்துவிட்டதா, ஒடில்?"
"இல்லை."

நாடா கட்ட அவருக்கு அரை நிமிடம் போதும்.
அன்று ஒவ்வொரு துளையாக,
தலை நிமிராமல்.
கதவைத் திறந்துகொண்டு
வெளியே பார்த்தபடி சொன்னார்:
"மூட்டை இருபது கிலோதான்."
"முதுகை வளைத்துத் தூக்காதீர்கள்" என்றேன்.

தெருமுனையில் மஞ்சள் விளக்கு சுழல
உப்பு லாரியை வேறு யாரோ ஓட்டிப் போனார்கள்.
அது கடக்கும்வரை நின்றார்.
பிறகு, அப்போதுதான் விழுந்த உப்பின் மேல்
நறநறவென்று மிதித்து நடந்தார்.

நான் உள்ளே போய்
வினிகர் பாட்டிலை எடுத்துவந்து
பல்துலக்கிக்குப் பக்கத்தில் வைத்தேன்.