வட்டு எதுவும் இல்லை

கிளைபெடா, மாலுமிப் பயிற்சிக் கல்லூரி, மூன்றாம் மாடி.
ஞாயிறு இரவு பதினொன்று நாற்பது.
காயலில் ஒரே ஒரு இழுவைப் படகு
விளக்கோடு எங்கோ போகிறது.

பழைய கணினிகள் பதினெட்டும்
சர்வர் பரிமாறிய இமேஜை
பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி
சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டன.
புதிதாக வந்த ஆறும் வாய் திறக்கவில்லை.

கேபிளில் குறையில்லை.
நெட்வொர்க் முகவரி கிடைக்கிறது.
கர்னல் இறங்குகிறது, வெள்ளை எழுத்துகள்
கொட்டுகின்றன, சட்டென்று நிற்கின்றன:
வட்டு எதுவும் இல்லை.
அறுபது விநாடியில் மறுபடி தொடங்குவேன்.

இல்லையாம்!
முதல் பெட்டியின் மூடியைக் கழற்றினேன்.
ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன.
விரலை வைத்தால் இளஞ்சூடு,
தூங்கும் பூனையின் விலாவைப் போல
மெல்லிய அதிர்வு.

"பயாஸில் ரெய்டை அணைத்துவிடு,
வீட்டுக்குப் போகலாம்" என்கிறான் வைடோடஸ்,
ஏற்கெனவே ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டபடி.
அணைக்கலாம். நொடி வேலை.
ஆனால் போன குளிர்காலத் தேர்வில்
ஒரு பையன் டேனிஷ் நீரிணையைக் கடந்துகொண்டிருந்தான்,
பொய்க் கடல்தான், பொய்ப் பனிதான்,
நான்கு மணி நேர வியர்வை மட்டும் நிஜம்.
நடுவழியில் வட்டு செத்தது.
அன்றிலிருந்து கேப்டன் ரிமெய்கா
எல்லாம் இரண்டு இரண்டாக வேண்டும் என்கிறார்.
ஒன்று போனால் மற்றது
அதே கதையை அதே இடத்திலிருந்து சொல்ல வேண்டும்.

வைடோடஸை அனுப்பிவிட்டேன்.

கர்னலுக்குப் போகும் கட்டளையில்
ஒரு சொல் சேர்த்தேன்:
ஜோடிகளையும் பார்.
பார்த்தது. எம்டி 127 என்றது.
துள்ளிப்போய் அந்தப் பெயரையே கொடுத்தேன்.
அளவு: பூஜ்யம்.
அது வெறும் கூடை என்று புரிய
இன்னும் அரைமணி, இன்னொரு காபி.
பழம் 126 என்ற பெயரில்
பக்கத்திலேயே இருந்தது.

நாங்கள் இத்தனை நேரம்
எஸ்டிஏ, எஸ்டிஏ என்று கூப்பிட்டிருக்கிறோம்.
அது திரும்பிப் பார்க்கவில்லை.
ஏன் பார்க்க வேண்டும்,
அதன் பெயர் அதுவல்லவே.

இன்று சாயங்காலம் கீழ்வாசலில்
என் அட்டைக்குச் சிவப்பு விளக்குதான் எரிந்தது.
எங்கள் மொழியில் பெண்ணின் குடும்பப் பெயருக்கு
ஒரு வால் உண்டு; கட்டியவளா இல்லையா என்று
அது சொல்லிவிடும்.
மார்ச்சில் நான் வாலை மாற்றிக்கொண்டேன்.
பதினொரு வருடமாக என் முகம் தெரிந்த
காவலாளி ப்ரோனியுஸ்
பட்டியலை மேலும் கீழும் தேடிவிட்டு,
"எந்தப் பெயரில் தேடட்டும்?" என்றார்.
குரலில் குத்தல் இல்லை.
அதனால்தான் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாயிற்று.

சரி, 126.
பதினைந்து விழுக்காடு, நாற்பது, எழுபத்தொன்று.
ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து.
ஒவ்வொன்றும் முடிந்ததும் நீலத் திரையில்
கல்லூரியின் நங்கூரம் வந்து நின்றது.

ஆறாவது அசையவில்லை.
அதே சொல், அதே பெயர், அதே 126.
அதே பதில்: வட்டு எதுவும் இல்லை.
பொய்க்காரா என்று திட்டினேன்.
பிறகு மறுபடி திட்டினேன்,
இரவு மூன்று மணி, கேட்க யாருமில்லை.

மூடியைத் திறந்தேன்.
உள்ளே இரண்டு காலிப் பள்ளங்கள்,
நான்கு திருகாணிகள் ஒரு பிளாஸ்டிக் உறையில்,
தொழிற்சாலைத் தூசுகூட இல்லாத சுத்தம்.

மூடியை மெதுவாகச் சாத்தினேன்.
மன்னித்துக்கொள் என்று
வாய்விட்டே சொன்னேன்.