நான்காம் இலக்கு

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கரையோர ரயில் போகும்போதெல்லாம்
படிவம் செருகிய அட்டை மேசையில் நடுங்கும்.
இலக்கு நான்கு: தானாக உண்ணல்.
ஐந்தில் நான்கு தடவை, உதவியின்றி.
செய்தால் கூட்டல். செய்யாவிட்டால் கழித்தல்.

ஹுமைத்துக்கு ஏழு வயது.
அவன் உம்மா ருஷ்தா
மூன்று கிழமையாய்க் கைகளை மடியில் பூட்டி வைத்திருக்கிறாள்,
நான் சொன்னதற்காக.
"ஊட்டக் கூடாது, மிஸ் பாக்குறாங்க" என்று
தன் விரல்களுக்கே சொல்லிக்கொள்கிறாள்.
அந்த மிஸ்
கடைசிப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு
இருபத்தாறு வயதில்
புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல்
அம்மாவின் கைக்கு வாய் திறந்தவள்.
எந்த நேர்முகத்திலும் நான் இதைச் சொன்னதில்லை.

மாலை ஏழு மணிக்குத் திரையில் மாரிசோல்.
பொகோட்டாவில் அப்போதுதான் காலை,
அவள் குவளையில் ஆவி.
கொழும்புக்கு வரவேண்டிய பொதியெல்லாம்
கொலம்பியாவுக்குப் போய்விடும் என்பது
எங்கள் பழைய பகிடி.
இன்று பகிடி விடவில்லை.
பயிற்சிக்குப் போன குளிர்நாட்டில்
யாரோ கேட்டதற்குச் சொன்னாளாம்:
மாமிமார் பதினொரு பேரையும் முத்தமிட்ட பிறகுதான்
எங்கள் வீட்டில் கதிரையில் உட்காருவோம்.
"எல்லைகள் தெளிவில்லாத குடும்பம்" என்று
எழுதிக்கொண்டார்களாம்.
"அதன்பிறகு கையெழுத்தில்
இரண்டாவது குடும்பப்பெயரை விட்டுவிட்டேன்.
அது அம்மாவுடையது."

நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
தர்மலோஜினி.
பெயரட்டையில் வெறும் லோ.

வியாழக்கிழமை.
கரண்டி கதிரைக்குக் கீழே கிடந்தது.
ஹுமைத் சோற்றைப் பிசைந்தான்,
கோணலாய் ஒரு கவளம் உருட்டினான்,
எழும்பினான். யாரும் எழும்பச் சொல்லவில்லை.
உம்மாவின் உதட்டருகே கொண்டுபோய்
அசையாமல் நின்றான்.

ருஷ்தா என்னைப் பார்த்தாள்.
தன் பிள்ளை நீட்டும் சோற்றுக்கு
வாய் திறக்கலாமா என்று
என்னிடம் கேட்கிறாள்.
அந்தப் பார்வைக்குள் எனக்கு வியர்த்தது.
ரயில் வந்து, கண்ணாடியெல்லாம் அதிர்ந்து,
போய்விட்டது.
"சாப்பிடுங்கோ" என்றேன்,
குரல் என்னுடையது போலவே இல்லை.

தானாக: ஆம்.
உதவியின்றி: ஆம்.
உண்ணல்: அவன் உண்ணவில்லை.
கட்டத்தின் மேல் பேனாவை வைத்தபடி இருந்தேன்.
மை ஒரு புள்ளியாய்ப் பரவியது.
அது கூட்டலுமில்லை, கழித்தலுமில்லை.

இரவு அதைத் திரைக்கு நேரே பிடித்துக் காட்டினேன்.
மாரிசோல் வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு, என்ன கறி என்று கேட்டாள்.

பருப்பு, என்றேன்.
கொஞ்சம் உப்புக் கூட.