வான்பயிர், தான்பயிர்

அட்டவணையைப் படியெடுத்தேன்:
கிழக்கு கடற்கரை வீதி, வடக்கு கதிரித்தம்பியின் உறுதிக்காணி,
இதற்குள் அடங்கிய வீடு, கிணறு,
வான்பயிர், தான்பயிர், சகலதும்.

ஈடு வைத்தவள் பரிபூரணம்.
வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கிய கடன்.
எஞ்சின் இப்போது கொட்டியாரக் குடாவின் அடியில்.

நாலு மாதத் தவணையும் போனது.
கட்டளைப்படி கேற்றில் ஏல அறிவித்தல் ஒட்டினேன்,
கோதுமை மாப்பசை, நாலு மூலையிலும்.

விடிய ஒரு மூலைதான் இருந்தது.
"மான் தின்டுபோட்டுது ஐயா" என்றேன் மன்றில்.
சிரித்தார்கள், வங்கியின் சட்டத்தரணியைத் தவிர.
நீதிபதி அந்த மூலையைத் திருப்பிப் பார்த்தார்,
எச்சில் காய்ந்த கிழிசல்.
திரும்ப ஒட்டு. விற்பனை இரு வாரம் பிந்தும்.

சட்டம் இரங்கியது என்று சொல்லமாட்டேன்.
முப்பது வருஷத்தில் நான் கண்டதில்லை.
சுத்தியல் விழும்வரை கதவைப் பூட்டாது,
அவ்வளவுதான்.

முந்தின நாள், கந்தோர் மூடப் பதினைந்து நிமிஷம்.
பரிபூரணம் வந்தாள்.
வள்ளத்தை விற்ற காசு, நோட்டெல்லாம் கருவாட்டு மணம்.
முதல், வட்டி, வழக்குச் செலவு
எண்ணி வைத்தாள்.
பிறகு பட்டியலில் விரல் ஊன்றி,
"மாப்பசை எண்பது ரூபாய். ரெண்டு தரமா?"

கட்டினாள்.
மான் தின்ற பசைக்குத் தனி ரசீது கேட்டு
நின்றாள்.