வடக்குச் சரிவு

பனிச்சரிவு எச்சரிக்கை
நாலு மணிக்குப் போயாக வேண்டும்.
மூன்றரைக்கே எழுதி முடித்துவிட்டேன்.
முடித்துவிட்டேன் என்றால்
இன்னும் படிக்கவில்லை என்று பொருள்.

ட்ரோம்ஸோவில் ஜனவரி.
சூரியன் திரும்பி வர இன்னும் ஒரு வாரம்.
இருந்த கொஞ்சம் நீலமும் இரண்டு மணிக்கே தீர்ந்துவிட்டது.
ஜன்னலுக்கு அப்பால் மலைகள் இருப்பதாக
நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் ஒட்வார் ஏறிப்போய்க் குழி தோண்டினான்.
தொண்ணூறு சென்டிமீட்டர் ஆழத்தில்
சர்க்கரையாய் உதிரும் ஓர் அடுக்கு.
அதன்மேல் நேற்றைய காற்று கொண்டுவந்து குவித்த பாரம்.
அவன் விரலால் தொட்டதை
நான் சொல்லால் தொட வேண்டும்.
என் வேலை அவ்வளவுதான்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்
வடக்கு என்று எழுத வேண்டிய இடத்தில்
தெற்கு என்று அடித்துவிட்டேன்.
தெற்கே வசிக்கும் அக்காவோடு
சற்றுமுன் பேசியிருந்தேன்;
வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை.
எழுத்துப்பிழை இல்லை. இலக்கணப்பிழை இல்லை.
கணினி அதன் அடியில் சிவப்புக் கோடு போடவில்லை.
நாலு தடவை படித்தேன்.
நாலு தடவையும்
வடக்கு என்றே படித்தேன்.

தன் முதுகு தனக்குத் தெரியாது.

நாலு நாற்பதுக்குத் தொலைபேசி மணி.
மீன் பண்ணையில் வேலை பார்க்கும் யோருன் என்கிற பெண்:
"நாளைக்கு ஏறப் போகிறோம்.
நேற்று வடக்கு என்றிருந்ததே,
ஒரே இரவில் இடம் மாறிவிட்டதா?"

திருத்தினேன். நன்றி சொன்னேன்.
கை நடுங்கியது பிறகுதான்.
அந்த நாற்பது நிமிடத்தில்
அறிக்கையைத் திறந்தவர்கள் முன்னூற்றுப் பதினேழு பேர்.
எண்ணிக்கை கிடைத்தது, பெயர்கள் கிடைக்கவில்லை.
யாரும் சாகவில்லை.
அதனால் யாருக்கும் நினைவில்லை,
எனக்கு மட்டும்தான்.

அதிலிருந்து
காகிதத்தில் அச்சிட்டுத்தான் படிக்கிறேன்.
பழகிய எழுத்துருவை மாற்றி, பெரிதாக்கி,
யாரோ எழுதியதுபோல் ஆக்கிக்கொண்டு.
கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி,
வரிக்கு வரி அளவுகோல் வைத்து.
பிறகு எழுந்து நின்று உரக்க.
பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

படிக்கும்போது யோருனை நினைத்துக்கொள்கிறேன்.
வண்டி நிறுத்துமிடத்தில், ஒரு கையுறையைக் கழற்றி,
விறைத்த கட்டைவிரலால் திரையைத் தள்ளுகிறாள்.
நான் எழுத நினைத்ததை
அவள் படிக்கப் போவதில்லை.
எழுதியதைத்தான் படிப்பாள்.

இன்றைக்கு வெட்டியவை:
'சரிய வாய்ப்பிருப்பதாகக் கருதப்படுகிறது.'
கருதுவது யார்? நான்தானே.
'சரியும்' என்று மாற்றினேன்.
'ஓரளவு', 'பொதுவாக', இன்னொரு 'ஓரளவு'.
அப்புறம் இது:
'மலை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.'
எனக்கு ரொம்பப் பிடித்த வரி.
மூன்று முறை சுற்றி வந்தேன் அதை.
மலைக்கு மூச்சில்லை.
நாளைக்கு மூச்சு முட்டப் போவது மனிதர்களுக்கு.
அடித்தேன்.
கொஞ்ச நேரம் வலித்தது, பொய் சொல்வானேன்.

மிஞ்சியது ஐந்து வாக்கியம்.
'வடக்கும் கிழக்கும் பார்த்த சரிவுகளில்,
அறுநூறு மீட்டருக்கு மேல்,
ஒரே ஒருவர் பாரம் போதும்.'
வடக்கு மேல் விரலை வைத்தேன்.
வ. ட. க். கு.
கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தெட்டு.
அனுப்பினேன்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று
கைபேசியில் திறந்தேன், வழிப்போக்கர் போல.
ஐந்து வாக்கியமும் சுத்தம்.
ஒரு மாதிரி கர்வம்கூட வந்தது.

பேருந்தின் விளக்குகள் திருப்பத்தில் தெரிந்தபோதுதான்
கண் மேலே போனது,
கீழிருந்து படித்து வந்தவள்
நேரமாகிவிட்டதென்று விட்டுவிட்ட
முதல் வரிக்கு.

தேதி.
நேற்றைய தேதி.

பேருந்து நின்றது, கதவு திறந்தது.
ஓட்டுநர் பார்த்தது
பனியில் வழுக்கி வழுக்கி
வந்த வழியே ஓடும்
என் முதுகை.