பக்கத்துக்கு ஓர் அங்குலம்

வண்டி வந்து ஒன்பது நாள்.
இருக்கையின் பாலிதீன் உறைகூடக் கழற்றவில்லை.
என் பட்டறை வாசலில் நிறுத்தி,
இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி
போஷெனா கேட்டாள்:
"பதினாறைக் கழற்றிவிட்டுப் பதினெட்டு போடலாமா, யாரெக்?"

நான் டயர்க்காரன்.
என்னிடம் இதைக் கேட்பது
பூனையிடம் பால் கணக்குக் கேட்பது.
சுவாவ்கியில் பனி உருகும் ஏப்ரலில்
சாலையெல்லாம் வாய் பிளக்கும்.
அந்த வாய்களில் விழுந்து கோணிய அலாய்களை
நிமிர்த்திய காசில்தான்
என் மகள் பல்லுக்குக் கம்பி கட்டினாள்.

ஆனாலும் சொன்னேன்.
டயரின் வெளிவட்டம் மாறக்கூடாது,
மாறினால் வேகமானி பொய் சொல்லும்.
ஆக, உலோகம் இரண்டங்குலம் வளர்ந்தால்
ரப்பர் பக்கத்துக்கு ஓர் அங்குலம் தேயும்.
தேய்வது ரப்பர் என்பது பேச்சுக்கு.
போவது காற்று.
உனக்கும் கல்லுக்கும் நடுவில் நின்று
இத்தனை நாள் சமரசம் பேசிய காற்று.

பக்கத்து இருக்கையில் வித்தோல்ட்.
மடியில் கட்டம் போட்ட நோட்டு.
"நூறு கிலோமீட்டருக்கு அரை லிட்டர் கூடும்.
டயர் ஒன்றுக்கு விலை ஒன்றரை மடங்கு.
ஓரக்கல்லில் ஒரு உரசல் போதும்…"
அவர் எழுதியதில் ஒன்றுகூடத் தப்பில்லை.
அதுதான் அவளுக்கு எரிச்சல்.

"முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
ஏறும்போது நாற்பத்திரண்டு தலை,
இறங்கும்போது நாற்பத்திரண்டு.
என் சக்கரத்தை யார் பார்த்தார்கள்?
சேறு பார்த்தது."

அதற்கு மேல் நான் பேசவில்லை.
ரேக்கில் இருந்த ஒரு செட்டை இறக்கி மாட்டினேன்,
ஐந்து ஆரம், ஓரம் வெள்ளி, உள்ளே கறுப்பு.
"விக்ரி ஏரி வரை போங்கள்.
வரும்போது பழைய கல்பாவிய தெரு வழியாக வாருங்கள்."
பூனைத்தலை என்போம் அந்தக் கற்களை.
மிதித்தால் எல்லாம் முதுகை நிமிர்த்தும்.

ஒரு மணி நேரம்.
நான் இரண்டு பஞ்சர் பார்த்தேன், தேநீர் ஆறிப்போனது.

வந்ததும் வித்தோல்ட் நோட்டை நீட்டினார்.
கல்தெருவில் ஓடும்போதே எழுதியிருக்கிறார்,
சாட்சிக்காக.
தார்ச்சாலையில் நேராகப் போன எழுத்து
கல்லில் ஏறியதும்
நிலநடுக்கம் கண்ட கோடாகத் துள்ளியிருந்தது.
'முதுகு' என்று எழுத நினைத்தாராம்,
முட்கம்பி வேலி மாதிரி இருந்தது.

போஷெனா அதை வாங்கிப் பார்த்தாள்.
"கல்யாணப் பதிவேட்டுக்குப் பிறகு
இவர் கை நடுங்கி எழுதினது இன்றைக்குத்தான்."
வித்தோல்டின் காது சிவந்தது.

பிறகு இறங்கினாள்.
"நீங்கள் ஓட்டுங்கள்" என்று சாவியைக் கொடுத்தாள்.
ஓட்டுகிறவளுக்குத் தன் சக்கரம் தெரியாது, பாருங்கள்.
அவள் சாலையோரம் போய் நின்றாள்,
கைப்பையை மார்போடு அணைத்து,
பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளை போல.
வண்டி மெல்லக் கடந்தது.
ஆரங்கள் கலந்து ஒரு வெள்ளித் தட்டாகி,
பிரேக்கில் மறுபடி ஐந்தாகின.
"இன்னொரு தடவை" என்று கத்தினாள்.
வித்தோல்ட் இன்னொரு தடவை வந்தார்.
முன்னைவிட மெதுவாக,
வலப்பக்கம் அவளுக்கு நன்றாகத் தெரியும்படி.

காசை எண்ணிக் கொடுத்தாள். பேரம் இல்லை.
"பதினாறை எடுத்து வை.
நவம்பரில் குளிர்கால ரப்பர் மாட்டி அதைப் போடு.
குளிரில் எப்படியும் யாரும் பார்ப்பதில்லை."

நான்கையும் பரணில் அடுக்கி
சாக்கட்டியால் அவள் பெயரை எழுதினேன்.
நாட்குறிப்பில் அடுத்த ஏப்ரலைப் புரட்டினேன்,
வியாபாரிப் புத்தி,
'போஷெனா, ரிம்' என்று குறித்துக்கொள்ள.

பேனா திறந்திருக்கும்போதே
வண்டி தெருமுனையை எட்டியது.
அங்கே ஒரு பள்ளம், போன வாரம் வாய் திறந்தது,
நகராட்சிக்கே இன்னும் தெரியாது.
ஒரு முழம் இடப்புறம் ஒதுங்கி,
வேகம் குறைக்காமல், திரும்பிப் பார்க்காமல்
போய்விட்டாள்.

பேனாவை மூடினேன்.