அறுபத்து மூன்று மைல்

ஐம்பத்தெட்டு வரைக்கும்
படகு சொன்ன பேச்சைக் கேட்கும்.
அறுபதில் மூக்கைத் தூக்கும்.
அறுபத்து மூன்றில்
தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பது
என் உள்ளங்கை அகலப் பலகை ஒன்றுதான்.
மிச்சமெல்லாம் மவுஸ்ஸாகலைக் காற்றில்.

அப்போது ஆரம்பிக்கும்.
இடது தோள். வலது தோள்.
கல்யாண வீட்டில் குடித்துவிட்டு
லயத்துப் படி இறங்குகிற ஆள்மாதிரி.
ஒவ்வொரு சாய்வும்
முந்தியதைவிட ஒரு விரல் கூட.

நேற்று நான் திருப்பினேன்.
இடது சாய்ந்தால் வலது,
வலது சாய்ந்தால் இடது.
ஒவ்வொரு தடவையும் சரியான பக்கம்தான்,
ஒவ்வொரு தடவையும் அரை நொடி பிந்தி.
நான் போய்ச் சேரும்போது அது அங்கே இல்லை.
என் திருத்தம்
அடுத்த சாய்வின் முதுகில் கைவைத்துத் தள்ளியது.

பக்கத்து இருக்கையில் மரியசூசை,
எண்பத்திரண்டு கிலோ.
நவ்ஷாத் நானா பாரத்துக்காக ஏற்றிவிட்ட ஆள்.
மணல்மூட்டை என்றால் கண்ணை மூடிக்கொள்ளாது,
மாதாவைக் கூப்பிடாது,
நான் திருப்புகிற அதே நேரம்
தானும் ஒருபக்கம் சாயாது.
"அசையாம இரு சூசை."
"நான் அசையல்லக்கா,
டேம்தான் அசையுது."

கரையில் நீர்கொழும்புக்காரர் ஒருவர் நின்றார்.
கடலில் இதே எஞ்சின் எழுபது போகுமாம்.
இங்கே நாலாயிரம் அடியில்
அதற்கும் மூச்சு வாங்குகிறது என்றேன்.
அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை,
என் கையைப் பார்த்தார்.
"பழகணும்" என்றார்.
நானாவும் தலையாட்டினார்.

ராத்திரி டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
படகின் பின்னால் மல்லாந்து கிடந்தேன்.
ஸ்டியரிங்கைக் கயிறு போட்டு இறுக்கிவிட்டு
எஞ்சினைக் கையால் அசைத்தேன்.
அசைந்தது.
ஒரு கட்டைவிரல் தூரம்.
புஷ் தேய்ந்துபோயிருந்தது.
அந்தக் கட்டைவிரல் இடைவெளிக்குள்
என் அரை நொடி ஒளிந்துகொண்டிருந்தது.

ஹட்டன் லேத்தில் புதியது கடைந்தார்கள்.
இரண்டு நாள், மூவாயிரத்து இருநூறு ரூபாய்.
பற்றரியை வலப்பக்கம் மாற்றினேன்,
சூசையைக் கரைக்கு மாற்றினேன்.
இரண்டும் சுகமாக இருந்தன.

இன்று விடியற்காலை.
பழைய கோயில் முழுக்க மூழ்கிக் கிடக்கிற மாதம்,
அந்தப் பக்கமும் ஓடலாம்.
மேல் ரோட்டில் பஸ் ஒன்று
வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துப் போகிறது.
ஐம்பத்தெட்டு. அறுபது.
மூன்று விரலால் பிடித்திருக்கிறேன்.
சாய்வு கண்ணுக்கு வருமுன்
இடுப்புக்கு வருகிறது.
வருமுன்பே ஒரு நூல் திருப்பி
உடனே திரும்ப வைக்கிறேன்.
மறுபடி ஒரு நூல்.
கரையிலிருந்து பார்த்தால்
நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபத்து மூன்று.
அறுபத்தைந்து.
அறுபத்தாறில் ஒரு நீர்க்காகம் எழும்பியது.
பார்த்தேன்.
அவ்வளவுதான்.
இடது தோள். வலது தோள்.
விசையை ஒரேயடியாக விட்டுவிடு என்று
உடம்பு முழுக்கக் கத்துகிறது.
விட்டால் மூக்கு குத்தும்,
விளிம்பு தண்ணீரைக் கடிக்கும்,
நான் படகுக்கு முன்னால் போய்ச் சேருவேன்.
விடவில்லை.
ஒரு மயிரிழை தளர்த்தி
எஞ்சினைப் பெருவிரலால் உள்ளே இறக்கினேன்.
மூக்கு தாழ்ந்தது.
இன்னும் இரண்டு ஆட்டம்.
அரை ஆட்டம்.
உட்கார்ந்தது,
திட்டு வாங்கிய பிள்ளைமாதிரி.

கரையில் நானா கைதட்டினார்.
அவருக்குத் தெரியவில்லை.
சூசைக்குத் தெரிந்திருந்தது,
சிலுவை போட்டுக்கொண்டிருந்தான்.

கொப்பியில் ஈரக்கையால் எழுதினேன்:
தண்ணீர் சமம். காற்று இல்லை. புஷ் நல்லம்.
66-ல் ஆடியது.
காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்சநேரம் பேனையை வைத்திருந்து
எழுதினேன்:
நான்.